ஏற்றுக்கொள்ளப்பட்ட துயரம்

கடந்த மாதம் ஒரு நாள் மாலை, நாம் எழுதியனுப்பிய சிறுகதையை ஏற்றுக்கொண்டதாக ஓர் இலக்கியப் பத்திரிகையின் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. பல கதைகள் திரும்பி வந்த பின் ஏற்கப்பட்ட முதற்கதை அது. அந்த மகிழ்ச்சியின் அளவு எழுதிப் பார்த்தவர்களுக்கே தெரியும். கடிதத்தை இருமுறை படித்தோம். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோவைப் பெரிய கடை வீதி வரை நடந்தோம். ஒரு கடையில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினோம். கடைப் பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "என்னங்க விசேசம்?" என்று கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தோம், சொல் வரவில்லை.

ஏனெனில் அந்தக் கதை ஒரு சாவைப் பற்றியது. அது முழுக்கக் கற்பனையான சாவும் அன்று. நம் தமக்கையின் கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இராவேலை பார்த்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பியவர், திண்ணையில் அமர்ந்து காப்பி கேட்டார். காப்பி வருமுன் சாய்ந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. நம் கதையில் ஊரும் பெயரும் மாறியிருந்தன. தறி மில்லாக மாறியிருந்தது. சாவு மட்டும் மாறவில்லை. கதையின் உச்சமாக நாம் வைத்திருந்த காட்சி இது: மனைவி பால் சட்டியைக் கைநழுவ விட்டு அலறிக்கொண்டு ஓடுகிறாள், வெண்மையாகப் பால் தரையெங்கும் பரவுகிறது. ஆசிரியர் தம் கடிதத்தில் அந்த இடத்தைக் குறிப்பிட்டே பாராட்டியிருந்தார்.

ஆக, நம் கையிலிருந்த இனிப்புப் பெட்டி எதற்கு? கதை ஏற்கப்பட்டதற்கு என்று சொல்லலாம். ஆனால் மாமா இறந்திராவிட்டால் அந்தக் கதை இல்லை. கதை இல்லையேல் கடிதம் இல்லை. கடிதம் இல்லையேல் மைசூர்பாகும் இல்லை. இந்தக் கணக்கை நேராகப் போட்டுப் பார்த்த எவருக்கும் நெஞ்சு சற்றுக் கூசத்தான் செய்யும்.

'ஏற்றுக்கொள்ளுதல்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு இடங்களில் புழங்குகிறோம். பத்திரிகை கதையை ஏற்றுக்கொள்கிறது. இழவு வீட்டில், "என்ன செய்யறது, ஏத்துக்கத்தான் வேணும்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். முதல் ஏற்பு நடந்துவிட்டால் இரண்டாவதும் ஓரளவு நடந்துவிட்டதாக எழுதுகிறவன் நம்பிவிடுகிறான். கதை அச்சேறும்போது துயரத்திற்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது போலவும், அது இனி வீட்டை விட்டுப் போய்விடும் போலவும் தோன்றுகிறது. ஆனால் அது யாருடைய துயரம்? நம்முடையதா, நம் தமக்கையினுடையதா? பிறர் துயரத்தை அவர் அறியாமல் எடுத்து, அழகு செய்து, நம் பெயரைக் கீழே இட்டு அனுப்புவதற்கு நமக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க நாம் முயலாமலில்லை. முடியவில்லை.

இந்தக் கூச்சம் புதியதன்று. புனித அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலின் மூன்றாம் பகுதியில், கார்த்தேஜ் நகரில் மாணவராயிருந்த நாட்களில் துயர நாடகங்களின் மேல் தமக்கிருந்த மோகத்தைப் பற்றி எழுதுகிறார். தனக்கு நேர்ந்தால் மனிதன் தாங்கமாட்டாத துன்பத்தை, மேடையில் பிறர்க்கு நேர்வதாகக் கண்டு ஏன் மகிழ்கிறான் என்பது அவருடைய வியப்பு. அவர் காட்டும் காரணம் கூரியது. மேடைத் துயரத்துக்கு நாம் உதவிக்கு அழைக்கப்படுவதில்லை. வருந்துவதற்கு மட்டுமே அழைக்கப்படுகிறோம். உதவ வேண்டிய கடமை இல்லாத இரக்கம் இனிக்கிறது. அவர் பார்வையாளரைப் பற்றிச் சொன்னது எழுதுகிறவனுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும் என்று நமக்குத் தோன்றுகிறது. மாமா இறந்த பின்னர் நாம் எத்தனை முறை அக்கா வீட்டுக்குப் போனோம்? கதையை எத்தனை முறை திருத்தி எழுதினோம்? இரண்டாவது எண்ணிக்கையே பெரிது.

அதே அகுஸ்தீனார் தம் தாயின் சாவையும் எழுதினார். மோனிக்கா 387ஆம் ஆண்டு, ரோமுக்கு அருகிலுள்ள ஓஸ்தியாத் துறைமுகத்தில், ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறக் காத்திருந்த வேளையில் இறந்தார். மகன் தாயின் கண்களை மூடினார். அழவில்லை, அழுகையை வலிந்து அடக்கினார். பேரன் அதியோதாத்துஸ் வாய்விட்டு அழுதபோது சுற்றியிருந்தோர் அவனை அமர்த்தினார்கள். அடக்கம் முடிந்தது, அப்போதும் அழவில்லை. குளித்தால் பாரம் குறையுமென்று கேள்விப்பட்டுக் குளித்துப் பார்த்தார், குறையவில்லை. உறங்கி விழித்த பின், அம்புரோசியாரின் பாடலொன்று நினைவுக்கு வர, படுக்கையிலேயே சிறிது நேரம் அழுதார். இவற்றையெல்லாம் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து, உலகமே படிக்கும்படி எழுதினார். தாய்க்காக ஒரு மணி நேரத்தில் சிறு பகுதி அழுததைக்கூடக் குற்றமென்று சொல்வோர் இருக்கலாம் என்ற அச்சமும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது அடுத்து அவர் செய்தது. உடல் எங்கே கிடந்தாலும் கவலையில்லை, திருப்பீடத்தில் தன்னை நினைவுகூர்ந்தால் போதும் என்று மோனிக்கா கேட்டிருந்தார். இந்தப் பக்கங்களைப் படிப்பவர்கள் மோனிக்காவையும் தந்தை பத்ரீசியுவையும் திருப்பீடத்தில் நினைக்கட்டும் என்று அகுஸ்தீனார் அந்தப் பகுதியை முடிக்கிறார். தாய் மகனிடம் கேட்டதை, எழுத்தின் வழியே ஆயிரம் பேரிடமிருந்து பெற்றுத் தருகிறார். அவர் இறந்தவருக்காக எதையோ கேட்டு எழுதினார். நாமோ இறந்தவரை வைத்து நமக்காகக் கேட்டோம். வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்ற நமக்கு அது சிறியதாகத் தெரியவில்லை.

நம் மரபிலும் இதற்கு இடமுண்டு. இறந்தவரை நினைந்து இருப்பவர் புலம்புவதைக் 'கையறுநிலை' என்று தொல்காப்பியம் பெயரிட்டு வைத்திருக்கிறது. செயலற்றுப் போன நிலை என்பது பொருள். செயலற்றவன் செய்யுள் செய்கிறான் என்பதில் உள்ள முரண் நம் முன்னோர்க்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மனைவியைச் சிதையில் கிடத்திய சேரமான் மாக்கோதை, தன் துயரம் பெரிதென்று பாடவில்லை. இன்னும் தன் உயிரைப் போக்காத துயரம் எப்படிப் பெரிதாகும் என்று தன்னையே பழித்துப் பாடுகிறான். புறநானூற்றின் 245ஆம் பாடல் அது. பாடிக்கொண்டிருப்பதே உயிரோடிருப்பதன் சாட்சி. ஆகவே பாடுவதே ஒரு குற்றவுணர்வு. நம் மைசூர்பாகுக் கூச்சத்துக்கு மூதாதை இவன்தான் என்று சொன்னால் மிகையாகுமோ?

இன்னும் நெருக்கமான சான்று, கொங்கின் வடபுலத்தை ஒட்டிய தகடூரில், இன்றைய தருமபுரியில் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியவை அவை. புலவரின் பிழைப்பு பரிசிலில் இருந்தது. உயிரோடிருக்கும் தலைவனைப் பாடினால் பொன்னும் களிறும் கிடைக்கும். கையறுநிலைப் பாட்டுக்குப் பரிசில் தர வேண்டியவனோ நெருப்பில் கிடக்கிறான். அதுவும் ஒரு பாட்டுத்தான், அதே திறமையால் செய்ததுதான்; ஆனால் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய கை இல்லை. 232ஆம் பாடலில் ஔவையார் ஒரு கேள்வி கேட்கிறார். அதியமானுக்கு நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் படைக்கிறார்கள். மலையுயர்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் அவன். இந்தச் சிறு கலத்தை ஏற்பானோ? இரண்டாயிரம் ஆண்டுகளாக விடையில்லாமல் நிற்கும் கேள்வி. துயரத்தைப் பாடியவரே, அந்தப் பாட்டை ஏற்க வேண்டியவன் யார் என்று அறிந்திருந்தார். பாடலைத் தொகையில் சேர்த்தவரோ, 1894இல் அதை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரோ, இன்று படிக்கும் நாமோ அன்று, அந்த ஒருவன்தான். அவன் ஏற்றானா என்பது மட்டும் தெரியாது.

கொங்கு நாட்டு இழவு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒப்பாரி வைக்கும் பெண்களிடையே திறமையில் ஏற்றத்தாழ்வு உண்டு. "அவ எடுத்துப் பாடினா கல்லும் கரையும்" என்று பாராட்டிப் பேசுவார்கள். பாராட்டப்பட்டவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருக்கும். அதை யாரும் பாவமாக எண்ணுவதில்லை. ஆனால் அங்கே பாடுகிறவள் இறந்தவரின் மனைவியுடைய தோளைக் கட்டிக்கொண்டு பாடுகிறாள். துயரத்துக்குரியவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். பொய்யாகப் பாடினால் அந்தத் தோளே விலகிவிடும். எழுதுகிறவனுக்கு அந்தத் தோள் இல்லை. அவனிடம் ஆசிரியரின் முகவரிதான் இருக்கிறது.

வாசகர் மறுக்கலாம்: அப்படியானால் யாருமே பிறர் துயரத்தை எழுதக் கூடாதா? கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?' கதை இல்லாத தமிழ் ஏழையல்லவா? உண்மைதான். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியிலிருந்து, கணவர் பெயரோடு ஆபத்து என்ற ஒரு சொல்லை மட்டும் சுமந்து ஒரு தந்தி வருகிறது. தமக்கையை அழைத்துக்கொண்டு தம்பி இரவு ரயிலில் புறப்படுகிறான். கதை முழுவதும் அந்த இரவுதான். கதை சொல்பவன் தம்பி, துயரம் தமக்கையினுடையது. நம் நிலையேதான். ஆனால் கு.ப.ரா. அந்தப் பெண்ணின் கண்ணீரை வைத்து எதையும் விற்கவில்லை. நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் இடையே ரயில் ஆட்டத்தில் மனம் எப்படி அசைகிறது என்பதையே தொடர்ந்து போகிறார். பொழுது விடிந்து, நிச்சயம் தெரிந்த பின் வருவது அலறலைக் காட்டிலும் சந்தேகம் தீர்ந்ததன் விசித்திரமான ஓர் அமைதி. இழந்தவர்கள் அறிந்த, வெளியில் சொல்ல வெட்கப்படுகிற உண்மை அது. 1944இல், நாற்பத்திரண்டு வயதில் கு.ப.ரா. காலமானார். அவருடைய கதையைப் படித்த எத்தனையோ சகோதரிகள், தங்களுக்கும் அந்த விடியலில் அப்படித்தான் இருந்தது என்று யாரிடமும் சொல்லாமல் ஆறுதல் அடைந்திருப்பார்கள் என்று நாம் நம்புகிறோம்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையிலும் அப்படியே. சென்னையில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி நெடுநாள் நோயில் கிடந்து இறக்கிறாள். அவர் மார்பில் அடித்துக்கொள்வதில்லை. வெந்நீர் வைத்து அவள் உடலைக் குளிப்பாட்டுகிறார். செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் செய்கிறார். கண்ணீரைவிட அந்த வெந்நீர் நம்மைச் சுடுகிறது. முதன்முதல் படித்த இளவயதில், இந்த மனிதருக்கு நெஞ்சமே இல்லையோ என்று நினைத்தோம். அப்போது நாம் யாரையும் இழந்திருக்கவில்லை.

ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1960இல் தம் மனைவி ஜாய் இறந்தபின் நோட்டுப் புத்தகங்களில் எழுதிய குறிப்புகளை, 1961இல் என்.டபிள்யு. கிளார்க் என்ற பொய்ப் பெயரில் வெளியிட்டார். 1963இல் அவர் இறந்த பிறகுதான் நூல் அவர் பெயரில் வந்தது. நூலாசிரியர் இன்னாரென்று அறியாத நண்பர்கள், துயரத்துக்கு ஆறுதலாக அந்த நூலையே அவரிடம் பரிந்துரைத்ததாகச் சொல்வார்கள். புகழை மறுத்துவிட்டுத் துயரத்தை மட்டும் கொடுத்தார் அவர். நம் கொங்கு மண்ணின் பெருமாள்முருகனோ தம் தாயைப் பற்றிய 'தோன்றாத்துணை' கட்டுரைகளைத் தம் சொந்தப் பெயரில், புனைவின் திரையும் இல்லாமல் எழுதினார். காட்டில் உழைத்த ஒரு தாயைப் பொய்ப் பெயரில் எழுதினால் அவளை மறைப்பதாகிவிடும். ஆகவே பெயரை மறைப்பதா, காட்டுவதா என்பதில் மட்டும் நேர்மை அடங்கிவிடுவதில்லை.

இவ்வளவும் எண்ணி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இனிப்புப் பெட்டியோடும் கதையின் படியோடும் அவிநாசிச் சாலையில் பேருந்து ஏறினோம். போகும் வழியெல்லாம் இரண்டு எண்ணங்கள். அக்கா அழுதுவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. அழாவிட்டால் கதை நன்றாயில்லையோ என்பது மற்றொன்று. இரண்டாவது எண்ணம் வந்ததை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதவும் முடியாது.

அக்காவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, வாசிக்கச் சொன்னார். திண்ணையிலேயே அமர்ந்து வாசித்தோம். மில் சங்கு, வாடைக் காற்று, விளக்கு வெளிச்சம் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பால் தரையில் பரவும் இடம் வந்ததும் கை காட்டி நிறுத்தினார்.

"பால் கொட்டலையே தம்பி."

கதைக்காக அப்படி எழுதியது என்றோம். அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அவரு சாஞ்சது எனக்குத் தெரிஞ்சுது. சன்னல் வழியாப் பார்த்துட்டேன். பாலு பொங்கி மேல வந்துட்டிருந்துச்சு. கேஸை அமத்தி, சட்டிய எறக்கி வெச்சு, அது மேல தட்டு வெச்சு மூடிட்டுத்தான் போனேன். ஏன் அப்படிப் பண்ணுனேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. மூணு வருசமா யார்கிட்டயும் சொல்லலை. சாமியார்கிட்ட மட்டும் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன்."

நமக்குப் பேச்சு எழவில்லை. அந்தச் சில நொடிகளால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னதையே திரும்பச் சொன்னோம். அது அவருக்கும் தெரியும். தெரிவதால் தீர்கிற விஷயமா அது? நாம் மூன்று ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதிய காட்சியில் அவரை நல்ல மனைவியாக்கி அலற வைத்திருந்தோம். அவரோ அந்த மூன்று ஆண்டுகளும், தாம் அலறாமல் தட்டு வைத்து மூடியதைச் சுமந்துகொண்டிருந்தார். நம் கதை அச்சாகி அவர் கேட்டிருந்தால், அவர் மேல் இன்னொரு கல் ஏறியிருக்கும்: உலகம் எதிர்பார்ப்பது இப்படி அலறுகிற பெண்ணைத்தான், நான் அப்படி இல்லை என்று.

கதையைத் திரும்பப் பெற்றுவிடுகிறோம் என்றோம். வேண்டாமென்றார். அப்படியானால் அவர் இப்போது சொன்னதை எழுதலாமா என்று கேட்டோம். கேட்ட கணமே, இதற்குள் மீண்டும் கதைக்காரன் புகுந்துவிட்டான் என்பது நமக்குத் தெரிந்தது. அக்கா நெடுநேரம் பதில் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பையன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் தொடர்ந்து கேட்டது.

"எழுதுனா நடந்தபடி எழுது. பேர் போடாதே. பத்திரிகையிலயும் போடு, நம்ம பத்திரிகையிலயும் போடு. என்னை மாதிரி இன்னொருத்தி இருப்பா."

அன்று இரவே ஆசிரியருக்கு எழுதினோம்: தாங்கள் பாராட்டிய பகுதியை நீக்கி, வேறு பகுதி அனுப்புகிறோம், பிடிக்காவிட்டால் கதையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று. புதிய பகுதி பத்து வரிகூட இல்லை. ஒரு பெண் அடுப்பை அணைத்து, சட்டியை இறக்கி, தட்டால் மூடுகிறாள். இதை எழுதும் இன்று வரை பதில் வரவில்லை. பழைய பகுதிதான் நன்றாயிருந்தது என்று அவர் எண்ணவும் கூடும். அப்படி எண்ண அவருக்கு உரிமையுண்டு.

புறப்படும்போதுதான் இனிப்புப் பெட்டியைக் கொடுத்தோம். எதற்கு என்று அக்கா கேட்டார். கதையை ஏற்றுக்கொண்டதற்கு என்றோம். எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஒரு கை நிறையக் கொடுத்தார். பிறகு உள்ளே போய், மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருந்த மாமாவின் படத்தின் முன், சிறிய தட்டில் இரண்டு துண்டு எடுத்து வைத்தார். நம் வீடுகளில் இது வழக்கமா என்று நாம் கேட்கவில்லை.

"இருந்தப்ப சர்க்கரைன்னு ஒண்ணு தொட விட்டதில்லை தம்பி" என்றார்.